நட்சத்திரத் தவளையும் எங்கட கிணத்தடித் தேரையும்

பிள்ளை, நீர் ஒரே மூச்சில நாலு கேள்வி கேட்டிருக்கிறீர். சிவனொளிபாதமலைப் பக்கம் நட்சத்திரத் தவளை எண்டு ஒண்டு 150 வருஷத்துக்கு மேல காணாமப் போய்த் திரும்பக் கிடைச்சதாம் அது மெய்யோ, மெய்யெண்டா அது எங்கட பாத்ரூம் சுவரில ஒட்டியிருக்கிற தேரையின்ர சொந்தக்காரன் தானே, அப்ப ஏன் யாழ்ப்பாணத்தில இல்லை, வாற மார்கழிக்கு மலை ஏறேக்க பாக்கலாமோ எண்டு. முதலாவதுக்கு ஓம். ரெண்டாவதுக்கு, தூரத்துச் சொந்தம். மூண்டாவதுக்குத்தான் இந்த நீட்டு விளக்கம் முழுக்க. நாலாவதைக் கடைசியில சொல்லுறன், கொஞ்சம் ஏமாற்றமாத்தான் இருக்கும்.

முதல்ல உங்கட வீட்டுக் கிணத்தடிக்கு வாரும். ஐப்பசியில முதல் பெருமழை விழுந்து ரெண்டு மூண்டு ரா கழிய, கிணத்துக் கட்டின்ர உள்பக்கம், தண்ணிக்கு மேல ஒரு முழம் ரெண்டு முழம் உயரத்தில, ஆரோ சவர்க்காரம் போட்டுக் குளிச்ச நுரையை அள்ளி அப்பிவிட்ட மாதிரி வெள்ளையா ஒரு கட்டி இருக்கும். எங்கட வீட்டில தண்ணித் தொட்டி விளிம்பிலயும் வரும். சின்னனில நான் அதைத் தடியால தட்டி விழுத்தினனான், அம்மம்மா கண்டுட்டு நல்ல பேச்சு. தவளையில பாவம் பாத்து இல்லை, கிணத்துத் தண்ணி பழுதாப் போயிடும் எண்டு. அவவுக்குத் தேரை எண்டாலே ஆகாது, ஒல்லித் தேங்காய் உடைச்சா "இது தேரை மோந்தது" எண்டுதான் சொல்லுவா, குழந்தைப்பிள்ளை மெலிஞ்சா தேரை பாஞ்சிட்டுது எண்டுவா. பாவம், தேரை ஒரு தேங்காயையும் மோக்கிறதில்லை, குரும்பையாய் இருக்கேக்க மகரந்தச் சேர்க்கை வடிவா நடக்காட்டி, இல்லாட்டி சத்துக் குறைஞ்சா, உள்ளுக்க பருப்புப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அந்த நுரைக்கட்டி தேரையின்ர கூடு. பெட்டைத் தேரை ஒரு திரவத்தை விட்டு அதைப் பின்னங்காலால முட்டை அடிக்கிற மாதிரி அடிச்சு அடிச்சு நுரையாக்கி அதுக்குள்ள முட்டையை இடும், வெளிப்பக்கம் காத்துப் பட்டுக் கொஞ்சம் இறுகும், உள்ளுக்க ஈரம் இருக்கும். சில நாளில குஞ்சு பொரிச்சு நுரை இளகி வாற்பேத்தையள் சொட்டுச் சொட்டாக் கீழ தண்ணிக்க விழும். தலைப்பிரட்டை எண்டு படிச்சிருப்பீர், அதுதான். ஒருக்கா நான் ரோச் லைற்றைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பாத்தனான், ஒண்டு நுரையில இருந்து பாதி வெளிய வந்து வாலை ஆட்டிக்கொண்டு தொங்குது, விழமாட்டன் எண்டு அடம்பிடிக்கிற மாதிரி, பேந்து இன்னொண்டு பின்னால வந்து இடிக்க ரெண்டும் சேந்து விழுந்திது.

இந்தத் தேரைக்கு விஞ்ஞானப் பேர் பொலிபிடேட்டிஸ் மாக்குலேட்டஸ். இதின்ர கெட்டித்தனம் என்னெண்டா எங்கட ஊருக்குத் தோதா வாழப் பழகினது. யாழ்ப்பாணத்தில மலையும் இல்லை ஆறும் இல்லை, சுண்ணாம்புக் கல்லு, பெய்யிற மழை வருஷத்துக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீட்டர், அதிலயும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகை மார்கழியில வந்து கொட்டிப்போட்டுப் போயிடும், பிறகு சோளகம் எண்ட தென்மேல் காத்து அடிக்கத் தொடங்கினா மண் வெடிச்சுப் போகும். அந்த நேரம் தேரை எங்க போகுது? குளிர்ச்சியா இருக்கிற மூலை தேடி வீட்டுக்குள்ள வருது, கக்கூசு, தண்ணித் தொட்டிக்குப் பின்பக்கம், பூச்சாடிக்குக் கீழ. பகலில காலை மடக்கிக்கொண்டு சுவரோட சுவரா ஒட்டி, நிறத்தையும் வெளிற வைச்சுக்கொண்டு, சுண்ணாம்பு பூசின கட்டி மாதிரிச் சும்மா இருக்கும். ஈரம் போகாம இருக்க வேணும், அதுதான் அதுக்கு முழு வேலையும். கல்லுக்குள்ள தேரைக்கும் ஆண்டவன் படியளப்பான் எண்டு சொல்லுறது சும்மா வந்த கதை இல்லை, ஆரோ இதை வடிவாக் கவனிச்சவைதான் சொல்லியிருக்க வேணும்.

இப்ப மலைக்குப் போவம்.

நட்சத்திரத் தவளை எண்டு பேப்பரில போட்டது சூடோஃபைலாட்டஸ் ஸ்டெல்லாட்டஸ். இளம்பச்சை உடம்பு, அதில வெளிர் புள்ளியள், அதாலதான் நட்சத்திரம். இது பத்தைத் தவளை எண்டு சொல்லுற கூட்டம். இந்தச் சூடோஃபைலாட்டஸ் பேரினத்தில எழுவது எண்பது இனம் வரைக்கும் பேர் வைச்சிருக்கினம், அதில மிகப்பெரும்பாலானது இலங்கையில மட்டும்தான், தென்னிந்தியாவில ஒரு சிலது. கனக்க இனங்கள் பெருவிரல் நீளம் கூட வராது.

எங்கட தேரைக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் நிறமும் அளவும் இல்லை. அதுகளுக்கு வாற்பேத்தைப் பருவமே இல்லை! ஓ.எல் புத்தகத்தில தவளை எண்டாலே முட்டை, வாற்பேத்தை, கால் முளைக்கிறது, வால் சுருங்கிறது எண்டு வட்டம் கீறிப் படிச்சிருப்பீர், இஞ்ச அந்த வட்டத்தில பாதி முட்டைக்குள்ளயே முடிஞ்சிடும். இந்தப் பேரினத்தில அநேகமானது மழை பெய்து நனைஞ்ச காட்டு மண்ணில, விழுந்த இலையள் உக்கிக் கிடக்கிற இடத்தில இறங்கி வந்து, பெட்டை சின்னக் குழி ஒண்டு தோண்டி முட்டையை இட்டு, அதைக் காலால மண்ணோட பிரட்டி விட்டு, மூடிப்போட்டுப் போயிடும். மண் ஒட்டின முட்டையைப் பக்கத்தில வைச்சுப் பாத்தாலும் மண் உருண்டை மாதிரித்தான் தெரியும், எறும்புக்கும் பூச்சிக்கும் கெதியா ஆப்பிடாது. ஒரு சில இனம் மட்டும் இலையின்ர கீழ்ப்பக்கம் ஒட்டி வைக்கும். முட்டைக்குள்ள மஞ்சள் கரு பெரிசு, குஞ்சு அதைத் திண்டே கால் கை எல்லாம் வளந்து, மைசூர்ப் பருப்பளவில முழுத் தவளையாவே வெளிய வரும். கிணறு வேண்டாம், குளம் வேண்டாம், குட்டையும் வேண்டாம்.

கேக்க நல்ல வசதியாத்தான் இருக்கு. தண்ணி தேவையில்லாத தவளை எண்டா முதல்ல யாழ்ப்பாணத்துக்கல்லோ வந்திருக்க வேணும் எண்டு நீர் கேப்பீர். நானும் படிக்கேக்க அப்பிடித்தான் யோசிச்சனான். ஆனா கணக்கு மறுபக்கம். தேரைக்கு வருஷத்தில சில கிழமை தண்ணி நிண்டாப் போதும், அதுக்குள்ள பிள்ளையளைக் கரை சேத்துப்போடும், மிச்ச மாசம் முழுக்க ஒளிச்சிருந்து சமாளிக்கும். பத்தைத் தவளையின்ர முட்டைக்கோ கோது இல்லை, வழவழப்பான ஒரு சவ்வு மட்டும்தான், அது கிழமைக்கணக்கா மண்ணுக்குள்ள கிடக்கேக்க மண் ஒரு நாளும் காயக் கூடாது. ஒரு ரெண்டு நாள் நல்ல வெயில் அடிச்சு மேல்மண் காஞ்சா அந்தத் தடவை முட்டை எல்லாம் போச்சு. அப்ப அதுக்குத் தேவை குளம் இல்லைத்தான், ஆனா காத்தே ஈரமா இருக்கிற இடம் வேணும், வருஷம் பூரா. உலர்வலயத்துக்கு இறங்கி வந்த பத்தைத் தவளை இனங்களும் இருக்கு, விரல் விட்டு எண்ணலாம். மற்றதெல்லாம் ஈரவலயத்தையும் மலையையும் விட்டு வெளிக்கிடேலாமக் கிடக்குது.

அந்த ஈரக் காத்து இருக்கிற இடம் தான் முகில் காடு. சிவனொளிபாதமலை 2,243 மீட்டர். கீழ இருந்து மேல போகப் போக ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறு ஆறரைப் பாகை மட்டில வெப்பம் குறையும், கடலில இருந்து வாற ஈரக் காத்து அந்தச் சரிவில முட்டி மேல ஏறிக் குளிர்ந்து முகிலாகி அப்பிடியே மரத்துக்குள்ளால போகும். மேற்குச் சரிவில சில இடங்களில வருஷ மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும், எங்கட மழையின்ர நாலு மடங்கு. அதிலயும் பாரும், எங்களுக்குச் சோளகக் காத்து அடிச்சு வாய் காயிற அதே வைகாசி ஆனி ஆடியில தான், அதே தென்மேல் பருவக்காத்து அங்க போய் மழையாக் கொட்டுது. ஒரே காத்து, அங்க தவளைக்கு முட்டை இட மண் நனைக்குது, இஞ்ச வந்து எங்கட வாழைக்குலையை முறிக்குது.

மழை இல்லாத நாளிலயும் முகில் மரத்தில பட்டு இலை நுனியால சொட்டிக்கொண்டே இருக்கும். மரங்கள் உயரம் இல்லை, முறுகி வளைஞ்சு நிக்கும், கொப்பெல்லாம் பாசி, பாசியில ஓர்க்கிட், கீழ நெலு எண்டு சிங்களத்தில சொல்லுற பத்தை, அது எங்கட குறிஞ்சியின்ர நேர்ச் சொந்தம், கன வருஷத்துக்கு ஒருக்காத்தான் ஒண்டாச் சேந்து பூக்கும். இந்தப் பத்தையும் பாசியும் உக்கின இலையும் தான் தவளைக்கு வீடும் வேலியும் ஆஸ்பத்திரியும். தவளை தண்ணியை வாயால குடிக்கிறதில்லை, தோலால உறிஞ்சுது, மூச்சிலயும் ஒரு பங்கு தோலாலதான், அப்ப அதின்ர தோல் காயிறது எண்டா எங்களுக்கு மூச்சு முட்டுற மாதிரி.

இதால இன்னொரு சங்கதி வருது. ஒவ்வொரு உயர்ந்த மலைத்தொடரும் தவளைக்கு ஒரு தீவு. எங்கட நெடுந்தீவுக்கும் புங்குடுதீவுக்கும் இடையில கடல் இருக்கிற மாதிரி, சிவனொளிபாதமலைக்கும் நக்கிள்ஸ் மலைக்கும் இடையில மகாவலிப் பள்ளத்தாக்கு இருக்கு, அந்தச் சூட்டுக்கையும் வெளிக்கையும் இறங்கி மற்றப் பக்கம் ஏற ஒரு பெருவிரல் தவளையால ஏலாது. படகும் இல்லைப் பாருங்கோ. அதால நக்கிள்ஸில ஒரு கூட்டம், சிவனொளிபாதமலையில வேற கூட்டம், றக்குவானைப் பக்கம் வேற. 2013ல சிவனொளிபாதமலைக் காட்டில இருந்து மட்டும் ஒரே தரமா எட்டுப் புது இனத்துக்குப் பேர் வைச்சவை, அதில ஒண்டுக்கு 1848 கலகத்தில நிண்ட புரன் அப்புவின்ர பேர். எட்டு! 

இன்னொண்டும் சொல்ல வேணும், எங்கட பக்கத்துக்கும் இதில ஒரு பங்கு இருக்கு. இந்தப் பத்தைத் தவளையின்ர முன்னோர் இந்தியாவில இருந்து வந்தவை எண்டும், வந்து இஞ்ச பல்கிப் பெருகினவை எண்டும், பிறகு ஒரு கிளை திரும்ப இந்தியாவுக்கே போனது எண்டும் மரபணுவை வைச்சுக் கணக்குப் பாத்தவை சொல்லுறினம். வந்தது 3 கோடி வருஷத்துக்குக் கிட்ட. கடல் மட்டம் இறங்கிற காலங்களில பாக்குநீரிணை வெறும் தரை, அது அவ்வளவு ஆழமில்லை எண்டு உங்களுக்குத் தெரியும் தானே, கடைசிப் பனிக்காலத்தில உலகம் முழுக்கக் கடல் 120 மீட்டர் மட்டில இறங்கிக் கிடந்தது. அப்ப அந்தத் தரையில இண்டைக்கு மாதிரிக் காய்ச்சல் இல்லாத, ஈரமான ஒரு காலமும் இருந்திருக்க வேணும், இல்லாட்டி இதுகள் கடந்திருக்கேலாது.

சரி, காணாமப் போன கதைக்கு வருவம், எனக்கு இதில விருப்பமான பகுதி இதுதான். எட்வேர்ட் கெலார்ட் எண்டு இலங்கையில பிறந்த ஒரு ஆமி டொக்டர். அவர் 1853ல, நுவரெலியாவில கண்ட ஒரு பச்சைத் தவளையைப் பற்றிக் கொஞ்ச வரி எழுதி, பொலிபிடேட்டிஸ் ஸ்டெல்லாட்டா எண்டு பேர் வைச்சார். பேரைக் கவனிச்சீரோ? எங்கட பாத்ரூம் தேரை இப்ப இருக்கிற அதே பேரினம். அந்தக் காலத்தில விரல் நுனி வட்டமா இருந்து மரத்தில ஏறினா எல்லாத்தையும் ஒரே பெட்டிக்க போட்டவை. ஆனபடியா நீர் "சொந்தக்காரன் தானே" எண்டு கேட்டது ஒண்டும் விசர்க் கேள்வி இல்லை, கெலார்ட்டும் அப்பிடித்தான் நினைச்சவர். இண்டைக்கும் ரெண்டும் ஒரே குடும்பம் தான், பேரினம் தான் வேற.

அதுக்குப் பிறகு ஒருத்தரும் அதைக் காணேல்லை. கெலார்ட் பிடிச்சு வைச்ச தவளையின்ர உடலும், மாதிரி (specimen) எண்டு சொல்லுறது, துலைஞ்சு போச்சு. ஒரு இனத்துக்குப் பேர் வைக்கேக்க அந்த மாதிரியை மியூசியத்தில வைக்கிறது ஏனெண்டா பிறகு ஆரும் "இதுதான் அதோ" எண்டு சந்தேகப்பட்டா எடுத்து ஒப்பிட்டுப் பாக்க. இஞ்ச ஒப்பிட ஒண்டுமில்லை, மிச்சம் கிடந்தது எழுத்து மட்டும். 2005ல கெலும் மனமேந்திர ஆரச்சியும் ரொஹான் பெத்தியாகொடவும் பழைய மாதிரியளையும் உயிரோட கிடைக்கிறதையும் வைச்சு இலங்கைப் பத்தைத் தவளை முழுத்தையும் அலசி 27 புது இனம் எழுதினவை, அந்த நேரமே பழைய பேர்கள் கனக்கத்துக்கு ஆள் இல்லை எண்டு விளங்கிட்டுது. ஸ்டெல்லாட்டஸும் அழிஞ்சது எண்ட பட்டியலில தான்.

2009ல மென்டிஸ் விக்கிரமசிங்கவும் அவரோட போனவையும் சிவனொளிபாதமலைக் காட்டில ராவில தேடேக்க புள்ளி போட்ட பச்சைத் தவளை ஒண்டைக் கண்டினம். கண்ட உடன "கிடைச்சிட்டுது" எண்டு கத்தேலாது. அது புது இனமாவும் இருக்கலாம் தானே. கெலார்ட் நிறத்தையும் புள்ளியையும் பற்றி எழுதின வரியளை ஒவ்வொண்டா வைச்சு ஒத்துப் பாத்து, மற்ற இனங்களோட பொருந்தேல்லை எண்டு காட்டி, 2013ல தான் முறையா வெளியிட்டவை. அந்த டொக்டர் எழுதேக்க சோம்பல் பட்டு "பச்சைத் தவளை ஒண்டு" எண்டு மட்டும் எழுதிப்போட்டு விட்டிருந்தா இண்டைக்கு அது வேற பேரோட புது இனமா வந்திருக்கும். பிரக்டிக்கல் கொப்பியில அவதானம் எழுதச் சொன்னா ரெண்டு வரியோட நிப்பாட்டுற ஆக்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கோ.

இப்ப நீர் கேக்காத ஒண்டு, அது ஏன் நுவரெலியாவில காணாமப் போச்சு? கெலார்ட் எழுதின காலம் கோப்பிக் காலம். மலை மலையாக் காட்டை வெட்டிக் கொளுத்திக் கோப்பி நட்டவை, 1869ல இலைத்துரு நோய் வந்து கோப்பி விழ, 1867ல ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில தொடங்கின தேயிலை அந்த இடத்தைப் பிடிச்சிது, கோப்பி போகாத உயரத்துக்கும் தேயிலை ஏறிச்சுது. ஈரவலயத்தின்ர பழைய காட்டில இண்டைக்கு மிச்சம் சிறு பங்கு தான். மரத்தை வெட்டினா தவளைக்கு நிழல் போகுது எண்டு மட்டும் நினைக்காதையும், முகிலைப் பிடிக்க இலை இல்லை, உக்கிற இலை இல்லை, மண் காயும், பிறகு முட்டைக்கு இடமில்லை. இதில தோட்டத்துச் சனத்தைக் குறை சொல்லுற ஆக்களைக் கண்டா எனக்குக் கோவம் வாறது. வெட்ட வைச்சதும் வித்ததும் துரைமார், கோடாலியும் அட்டைக்கடியும் தான் அந்தச் சனத்தின்ர பங்கு. ஐயுசிஎன் எண்ட உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின்ர கணக்கில உலகத்தில அழிஞ்சு போன ஈரூடகவாழி இனங்களில பாதிக்குக் கிட்ட இந்தச் சின்னத் தீவில இருந்தது எண்டா பாரும் நிலைமையை.

அதால திரும்பக் கிடைச்சது எண்டதைக் கலியாண வீட்டுக் கணக்கில பேப்பரில போட்டதைப் பாத்து எனக்குக் கொஞ்சம் எரிச்சல். பட்டியலில "அழிஞ்சது" எண்டதை வெட்டிப்போட்டு "மிக ஆபத்தான நிலை" எண்டு எழுதினது தான் நடந்தது. சிவனொளிபாதமலைக் காடு 1940ல சரணாலயமானது, ஏறத்தாழ 224 சதுர கிலோமீட்டர், 2010ல ஹோட்டன் சமவெளியோடயும் நக்கிள்ஸோடயும் சேத்து உலக மரபுரிமையும் ஆக்கினவை. பேருக்குக் காவல் இருக்கு. ஆனா விளிம்பில தேயிலைக்கும் மரக்கறிக்கும் அடிக்கிற மருந்து மழையோட இறங்கும், மார்கழிப் போயாவில (பௌர்ணமியில) இருந்து வைகாசிப் போயா வரைக்கும் லட்சக்கணக்கில சனம் ஏறுது, போட்டுட்டு வாற பொலித்தீனை நீர் போனாப் பாப்பீர். எல்லாத்துக்கும் மேல, வெப்பம் கூடக் கூட முகில் தங்கிற உயரமும் மேல போகும். மலையடிவாரத்துத் தவளைக்கு மேல ஏற இடமிருக்கு, உச்சிக்குக் கிட்ட இருக்கிறதுக்கு எங்க போக?

கடைசிக் கேள்வி. மார்கழியில போய்ப் பாக்கலாமோ? ஸ்டெல்லாட்டஸைப் படிக்கட்டில நிண்டு பாக்கேலாது. ஒரு சில இடத்தில மட்டும் இருக்கிறது, அது பாதையை விட்டு உள்ளுக்க, அதுக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதி வேணும், பிடிக்கிறது கொண்டு வாறது எல்லாம் சட்டப்படி குற்றம். அதோட வழிதவறினா அட்டை தான் கண்டுபிடிக்கும் உம்மை.

ஆனா கேக்கலாம். நான் ஒருக்கா நல்லதண்ணி எண்ட ஊர்ப் பக்கத்தால ராப் பதினொரு மணிக்கு மேல ஏறினனான், எங்களோட வந்தவை எல்லாம் ரீக்கடையில நிண்டிட்டினம், நான் ஒரு வளைவில மூச்சு வாங்க இருந்தன். ஒலிபெருக்கிச் சத்தம் கொஞ்சம் ஓய, பக்கத்துப் பத்தைக்க "டிக்... டிக் டிக்... டிக்". கெட்டுப்போன சுவிட்சை ஆரோ போட்டுப் போட்டு நிப்பாட்டுற மாதிரி. எங்கட தேரை கொறகொற எண்டு மழைக்கு ஒப்பாரி வைக்கிற சத்தம் இல்லை. ரோச்சை அடிக்க நிண்டிட்டுது, அணைக்கத் திரும்பத் தொடங்கிச்சுது. கால் மணித்தியாலம் இருந்து கடைசியில ஒரு இலையில கண்டன், என்ர சின்னவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, மண் நிறம், தொண்டையில மட்டும் ஒரு சின்னப் பை ஊதி ஊதி வத்துது. எந்த இனம் எண்டு சொல்ல அந்த ஒரு பார்வை காணாது. பக்கத்துக் கல்லில தண்ணி ஒண்டும் நிக்கேல்லை, ஆனா அந்த இலை, என்ர சேட்டு, கண்ணாடி எல்லாம் நனைஞ்சு போய்க் கிடந்தது, மழையும் பெய்யேல்லை.

நீரும் போனா அப்பிடி ஒரு வளைவில கூட்டத்தை முன்னால விட்டிட்டு, ஆள் துணையோட, லைற்றை அணைச்சுப்போட்டு ஒரு பத்து நிமிஷம் இரும். கையில நுளம்புக்குப் பூசினது ஏதும் இருந்தா ஒண்டையும் தொடாதையும், அதின்ர தோலுக்கு அது நஞ்சு. ஃபோனில சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாரும், நான் கேக்க வேணும்.